கேஸ் தேடி வந்த வண்டி

சொந்த ஊர் வழியே ஆட்டோ ஓட்டும்போது உலகநாதன் ஹாரன் அடிப்பதை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அடித்தால் மட்டும் யார் ஏறப் போகிறார்கள்? வடக்குவெளி ஜனங்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சித்திரை வெயிலில் பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒன்றரை மைல் நடப்பார்கள். பக்கத்திலேயே அவன் ஆட்டோ காலியாக உருண்டு போகும். ஒரு கை நீளாது.

எல்லாம் ஒரு கையெழுத்தால் வந்தது. போன வருஷம் குறுவை நடவு நேரம். ஃபைல் கட்டோடு இரண்டு பேர் வயலுக்கு வந்தார்கள். "பயிர்க் காப்பீடு. சாகுபடி பண்றவங்க கையெழுத்து வேணும்" என்றார்கள். உலகநாதன் மடத்து நிலத்தில் ஆறு மா குத்தகைக்குப் பயிர் செய்கிறவன். நடவு ஆட்கள் வரப்பில் காத்து நின்றார்கள். நாற்று வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, காட்டிய இடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டான். ஒரு மாதம் கழித்து அவன் வயல் நடுவில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் முளைத்தது. பூமிக்கடியில் இருக்கும் எரிவாயுவை உறிஞ்ச வந்த கம்பெனியின் கல். ஊர் திரண்டு போய்க் கேட்டபோது கம்பெனி ஆள் ஒரு தாளை உயர்த்திக் காட்டினான்.

"உங்க ஊர்க்காரரே சம்மதம் குடுத்திருக்காரு, பாத்துக்குங்க."

தாளில் உலகநாதன் பெயர். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அதே உருண்டையான கையெழுத்து.

கல்லை அன்றைக்கே பிடுங்கி வாய்க்காலில் போட்டார்கள். சாலையோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஆட்சி மாறினால் எல்லாம் மாறும் என்றவர்களும், எந்தக் கொடி பறந்தாலும் கல் ஒரே கல்தான் என்றவர்களும் ஒரே தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்தார்கள். உலகநாதனும் போய் உட்கார்ந்தான். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. ஆனால் அவனைச் சுற்றி இரண்டு ஆள் இடம் எப்போதும் காலியாகவே இருந்தது. நாலு நாள் உட்கார்ந்து பார்த்தவன் ஐந்தாம் நாள் போகவில்லை.

அவன் பிழைப்பு திருக்கடையூரில் நடந்தது. அறுபது முடிந்த தம்பதிகளைக் கோயில் வாசலில் இறக்கிவிடுவான். கல்யாணக் கோலத்தில், மாலையும் கழுத்துமாகத் திரும்பி வருகிறவர்களை லாட்ஜில் கொண்டுபோய்ச் சேர்ப்பான். வெளியூர்க்காரர்களுக்கு அவன் கையெழுத்தைப் பற்றித் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை, கார்கள் நிறுத்தும் மைதானத்தில் ஒரு வெள்ளை வண்டி நின்றது. வண்டி என்பதா வீடு என்பதா? ஜன்னலுக்குத் திரை, கூரைக்கு மேல் சின்னக் கூரை, பின்னால் இரண்டு சைக்கிள். வண்டிக்கு அடியிலிருந்து சிவந்த இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உலகநாதன் குனிந்து பார்த்தான். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர், வண்டியின் வயிற்றுப் பக்கம் பொருத்தியிருந்த சாம்பல் நிறத் தொட்டி ஒன்றை விரலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தத் தொட்டியை உலகநாதனுக்குத் தெரியும். அவன் ஆட்டோவும் எல்.பி.ஜி. வண்டிதான், அவன் சீட்டுக்குப் பின்னால் இருப்பது இதன் தம்பி.

"எம்டி?" என்று கேட்டான். துபாயில் மூன்று வருஷம் டெலிவரி வண்டி ஓட்டியபோது சேர்த்த ஆங்கிலம் அவனிடம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"எம்டி!" என்றார் அவர், தன் பாஷை பேசுகிற ஆளைக் கண்டதுபோல.

அவர் பெயர் ஓலே. மனைவி கிர்ஸ்டன். டென்மார்க்கிலிருந்து தரையோடு தரையாக வருகிறார்கள். அந்தக் காலத்தில் தங்கள் ஊர்க்காரர்கள் தரங்கம்பாடியில் கட்டிய கோட்டையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். வண்டி ஓடுவது டீசலில். ஆனால் உள்ளே அடுப்பு, ஃபிரிட்ஜ், வெந்நீர் எல்லாம் இந்தத் தொட்டி கேஸில். கடைசியாக நிரப்பியது துருக்கியில். ஹோட்டல்களில் சாப்பிட்டுச் சிக்கனமாக வந்தார்கள். ஹைதராபாத்தில் கிர்ஸ்டனுக்கு வயிறு கெட்டது. அப்புறம் தானே கொதிக்க வைத்த நீரும் தானே காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சியும்தான் அவருக்கு ஒத்துக்கொண்டன. சேலம் தாண்டியதும் கேஸ் தீர்ந்துவிட்டது. வழியில் ஒரு கேஸ் பங்க்கில் கேட்டதற்குத் தொட்டியைப் பார்க்காமலேயே கையை ஆட்டி அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளாக அந்த அம்மாள் வாழைப்பழத்தில் இருக்கிறார்.

ஜன்னல் திரை விலகி ஒரு வெளுத்த முகம் தெரிந்தது. சிரிக்க முயன்றது.

"செம்பனார்கோயில் தாண்டி ஒரு பங்க் இருக்கு. நான் போடற பங்க். என் பின்னாலேயே வாங்க" என்றான் உலகநாதன், பாதி ஆங்கிலத்திலும் பாதி கையிலுமாக.

பெரிய சாலையில் பாலம் வேலை. எல்லா வண்டியும் வடக்குவெளி வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டும். அது அவனுக்கு நினைவு வந்தபோது ஊர் எல்லையில் இருந்தார்கள். வெள்ளை வண்டி கண்ணாடியில் நிறைந்து நின்றது. பந்தலில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

முதலில் குறுக்கே வந்தவர் பஞ்சநதம். போராட்டக் குழுச் செயலாளர், கரை வேட்டி, குரலுக்கு மைக் தேவையில்லாதவர்.

"எங்கடா கூட்டிட்டுப் போற?"

"அண்ணே, வெளிநாட்டுக்காரங்க. கேஸ் வேணுமாம். பங்க்குக்கு..."

"கேஸு வேணுமா? அதுக்குத்தானடா ஒரு வருஷமா ரோட்டுல கெடக்கோம்!"

அதற்குள் யாரோ வண்டிக்கடியில் குனிந்து, "அய்யோ, உள்ள டேங்கு, செம்புக் குழாய், மீட்டர், எல்லாம் இருக்கு!" என்று கத்தினார்கள். இன்னொருவர் ஓலேயின் சீட்டுப் பக்கத்தில் விரித்துக் கிடந்த வரைபடத்தை ஜன்னல் வழியே எடுத்துவிட்டார். பஞ்சநதம் அதைப் பந்தல் மேஜையில் விரித்தார். காவேரி கடலில் சேருகிற மூலை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். கேஸ் பங்க் இருக்கும் இடங்களை ஓலே தடித்த பேனாவால் குறித்து வைத்திருந்தார். பேனாவின் தடிமனில் செம்பனார்கோயில் பங்க்கின் புள்ளி வடக்குவெளியையும் விழுங்கியிருந்தது.

"பாருங்கய்யா! நம்ம ஊரு மேலேயே புள்ளி!" பஞ்சநதம் விரலால் புள்ளியைக் குத்திக் காட்டினார். "போன தடவை மஞ்சக் கல்லு. இந்தத் தடவை சிவப்புப் புள்ளி. ரெண்டு தடவையும் ஒரே ஆளு."

உலகநாதன் வரைபடத்தைப் பார்த்தான். சத்தியம் செய்யலாம். காப்பீடு என்று நம்பித்தான் போட்டேன் என்று போன வருஷமும் செய்தான். ஒருமுறை எடுபடாமல் போன சத்தியத்தை மறுபடி எடுத்தால் யார் வாங்குவார்கள்? இன்றைக்கும் தப்பாகிப் போனால் இந்த ஊரில் இனி தன் பிணத்தைத் தூக்கக்கூட ஆள் வராது என்று அவனுக்குத் தோன்றியது.

"அடுப்பைப் பத்தவச்சுக் காட்டச் சொல்லு. சமையல் வண்டின்னா அடுப்பு எரியணும்ல?" என்றது ஒரு குரல்.

"கேஸே இல்லைங்கிறதுக்குத்தானே போறோம்!"

"வசதியா இருக்கேடா உன் கதை."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தனபாக்கியம் வந்தாள். ஐம்பத்தைந்து வயது, பெண்களைத் திரட்டி முதல் நாள் ஜே.சி.பி. முன்னால் படுத்தவள். உலகநாதனுக்கு அத்தை முறை. அத்தை என்று அவன் கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினாள். கிர்ஸ்டன் படுக்கையில் சுருண்டிருந்தார். தனபாக்கியம் அவர் நெற்றியைத் தொட்டாள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள்.

"வயத்துல ஒண்ணுமில்லடி இவளுக்கு" என்று திரும்பிச் சொன்னாள். "நம்ம பந்தல் கஞ்சிப் பானையைக் கொண்டாங்க. அடுப்புலேருந்து இறக்கினதுதானே? உப்புப் போட்டு, மோர் ஊத்தாம கொண்டாங்க."

"தனபாக்கியம், இவங்க யாருன்னே..." என்று இழுத்தார் பஞ்சநதம்.

"யாரா வேணா இருக்கட்டுமே. சந்தேகம் வேற, சோறு வேற."

கிர்ஸ்டன் முதலில் தயங்கினார். பானையிலிருந்து ஆவி வருவதைப் பார்த்தார். வாங்கி, ஊதி ஊதி, டம்ளர் முழுக்கக் குடித்தார். குடித்து முடித்ததும் கண்ணில் நீர் வந்தது. தனபாக்கியம் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் கூடப் போறேன். பங்க்குக்குப் போறாங்களா வேற எங்கயும் போறாங்களான்னு கண்ணால பாத்துட்டு வர்றேன். பங்க்கு இல்லைன்னா இவனை நானே இழுத்துட்டு வருவேன். போதுமா?"

பஞ்சநதம் யோசித்தார். வரைபடத்தை மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். "வர்ற வரைக்கும் இது இங்க இருக்கட்டும்."

தனபாக்கியம் உலகநாதனின் ஆட்டோவைத் திரும்பியும் பார்க்காமல் வெள்ளை வண்டிக்குள் ஏறினாள்.

பங்க் மேனேஜர் நெய்னா முகம்மது, கூத்தாநல்லூர்க்காரர். வெள்ளை வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"என்ன மாப்ள, ஆட்டோவுக்கு அண்ணனையும் கூட்டிட்டு வந்திருக்க?"

"பாய், இதுக்குக் கேஸ் போடணும்."

"எஞ்சினுக்கா?"

"அடுப்புக்கு."

"அடுப்புக்கா? கிளம்பு, கிளம்பு. சமையல் சிலிண்டருக்கு இங்க அடிச்சேன்னு வையி, நாளைக்கு நான் உன் ஆட்டோவுல கிளீனரா வரணும்."

"சிலிண்டர் இல்ல பாய். கழட்ட முடியாத டேங்க். என் வண்டியில இருக்கிற மாதிரிதான். கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

நெய்னா முகம்மது குனிந்தார். வயிறு இடித்தது, "யா அல்லா" என்று மல்லாந்து படுத்தே விட்டார். போல்ட்டுகளை எண்ணினார். தொட்டியில் அடித்திருந்த தகட்டை டார்ச் அடித்துப் படித்தார். ஐந்தில் நாலு பங்கு நிறைந்ததும் தானே மூடிக்கொள்ளும் வால்வு இருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடித்தார். எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, மேலிடத்து இன்ஜினியருக்குப் போன் போட்டார். கால் மணி நேரம் பேசினார். திரும்பி வந்தபோது முகம் சற்று இளகியிருந்தது.

"போடலாங்கிறாரு. ஆனா வாய் பொருந்தணும். வண்டிக்காரர் ஒரு தாள்ல எழுதிக் குடுக்கணும்."

வாய் பொருந்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஓலே ஒரு கம்பளிப் பையை அவிழ்த்து நான்கு பித்தளை அடாப்டர்களைத் துண்டின்மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் நாட்டின் பெயர் எழுதிய சீட்டு. நாட்டுக்கு நாடு பங்க் குழாயின் வாய் வேறாம். எல்லை தாண்டும்போதெல்லாம் அடாப்டரை மாற்ற வேண்டுமாம். இந்தியா என்று எழுதிய சீட்டு மட்டும் அதில் இல்லை.

"மாப்பிள்ளைக்கு நாலு பொண்ணு காட்டுறாரு" என்றார் நெய்னா முகம்மது.

முதலாவது உள்ளேயே போகவில்லை. இரண்டாவது போய், சுற்ற மாட்டேன் என்றது. மூன்றாவதைப் பார்க்கும்போதே இல்லை என்று தெரிந்தது. நான்காவது, ஓலே கடைசியாகத் தயக்கத்தோடு நீட்டியது, திருகத் திருக ஏறிக் கச்சிதமாக உட்கார்ந்தது. ஓலே கைதட்டினார்.

"இருங்க" என்றாள் தனபாக்கியம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு, கண்காணிக்க வந்தவள் கண்காணிக்கிற மாதிரியே நின்றிருந்தாள். "சோப்புத் தண்ணி போட்டுப் பாத்தீங்களா? எங்க வீட்டு சிலிண்டருக்கே போட்டுப் பாப்போம்."

"அடிச்சுப் பாத்து அப்புறம் போடுறதுதான் ஆத்தா" என்று நெய்னா முகம்மது பங்க் குழாயை மாட்டி ஒரு விநாடி மட்டும் அழுத்தி நிறுத்தினார். சோப்பு நுரையைத் தடவியதும் மூட்டில் பொடிப் பொடியாகக் குமிழ் கிளம்பியது. கேஸ் கசிகிறது. அடாப்டரின் ரப்பர் வளையம் துருக்கியிலிருந்து பாலைவனம் தாண்டி வந்ததில் காய்ந்து வெடித்திருந்தது.

"சொன்னேன்ல!" என்றாள் தனபாக்கியம். அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு பெருமை.

உலகநாதன் ஆட்டோவுக்கு ஓடினான். அவன் வண்டியின் வாய் வளையமும் அடிக்கடி தேயும். சாமி படத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எப்போதும் இரண்டு புது வளையம் வைத்திருப்பான். ஒன்றை எடுத்து வந்து, பழையதைக் குத்தூசியால் நெம்பி எடுத்துவிட்டு, அழுத்தி உட்கார வைத்தான். மறுபடி நுரை. மறுபடி ஒரு விநாடி அழுத்தம். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு குமிழ் இல்லை.

"இப்ப தாளு" என்றார் நெய்னா முகம்மது. தொட்டி தன்னுடையது, நிலையாகப் பொருத்தியது, பொறுப்பு தன்னுடையது என்று ஓலே ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "கூட்டிட்டு வந்தவன் நீ, மாப்ள. சாட்சிக்கு இங்க ஒண்ணு போடு."

பேனா நீண்டது. உலகநாதனின் கை நீளவில்லை.

வெயிலில் தார் வாடை வந்தது. ஓலே அவனைப் பார்த்தார். கிர்ஸ்டன் வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தார். "என்ன மாப்ள, பேனா சுடுதா?" என்றார் நெய்னா முகம்மது.

"படிக்கணும் பாய்."

"ஆறு வரிதான் இருக்கு."

"ஆறு வரியையும் படிக்கணும். தமிழ்ல சொல்லுங்க. ஒவ்வொரு வரியா."

நெய்னா முகம்மது ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்தார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு, வரி வரியாகச் சொன்னார். உலகநாதன் ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்துக்கொண்டு வந்தான். முடிந்ததும், "இன்னொரு தரம்" என்றான். அதையும் கேட்டுவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கம் காலியாக இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு போட்டான். பழைய உருண்டைக் கையெழுத்து இல்லை. எழுத்துக் கற்கிற பிள்ளை போட்டது மாதிரிக் கோணியிருந்தது.

தனபாக்கியம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கேஸ் ஏறும் சீற்றம் கேட்டது. மீட்டர் முள் நகர்ந்தது. குறிப்பிட்ட அளவில் வால்வு தானே மூடிக்கொண்டது. கிர்ஸ்டன் உள்ளே தீக்குச்சி கிழிக்க, நீல வளையமாக அடுப்பு எரிந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். தனபாக்கியம் மட்டும் உலகநாதனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அவள் வெள்ளை வண்டியில் ஏறவில்லை. ஆட்டோவின் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். உலகநாதன் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தான்.

பாதி வழியில், அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னைக்கு அந்த ரெண்டு பேரும் உன் வயலுக்கு வர்றதுக்கு முன்னால என் வயலுக்கு வந்தாங்க."

ஆட்டோவின் வேகம் குறைந்தது.

"காப்பீடுன்னாங்க. நானும் போட்டேன்டா தம்பி. உனக்கு முந்தியே போட்டேன். அந்தக் கட்டுல என் பேரும் இருந்திருக்கும். அவன் கையில உன் தாளு ஆப்பிட்டுது, தூக்கிக் காட்டிட்டான். என் தாளு வரும் வரும்னு ஒரு வருஷமா வயத்துல நெருப்பைக் கட்டிட்டு உக்காந்திருக்கேன். அதான் ஜே.சி.பி. முன்னால முதல்ல போயிப் படுத்தேன்."

 உலகநாதனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தானொருவன்தான் ஏமாந்தவன் என்று ஒரு வருஷமாக எண்ணியிருந்த எண்ணம் நெஞ்சிலிருந்து கல்லைப் பிடுங்கியதுபோல விலகியது. பிடுங்கிய இடம் வலித்தது. ஆனால் அங்கே காற்று புகுந்தது.

ஆட்டோ இருமியது. இன்னொரு தரம் இருமியது. ஊர் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

"என்னடா?"

அவன் கேஸ் முள்ளைப் பார்த்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான். "அவங்களுக்குப் போட்டேன் அத்தை. என் வண்டிக்குப் போட மறந்துட்டேன்."

தனபாக்கியம் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். ஒரு வருஷத்துச் சிரிப்பு. "கேஸ் பங்க்குக்குப் போயிட்டுக் கேஸ் இல்லாம வர்ற ஆளு நீ ஒருத்தன்தான்டா. உன்னையா கம்பெனி ஆளுன்னு சொன்னாங்க?" இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆட்டோவின் பின்னால் கை வைத்தாள். பின்னால் வந்த வெள்ளை வண்டி நின்றது. ஓலே இறங்கி வந்தார். கஞ்சி தந்த தெம்பில் கிர்ஸ்டனும் வந்து, வேண்டாம் வேண்டாம் என்று உலகநாதன் பதறப் பதற, ஒரு பக்கம் கை கொடுத்தார்.

இப்படித்தான் உலகநாதன் தன் ஊருக்குள் வந்து சேர்ந்தான்: ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, பின்னால் தனபாக்கியமும் டென்மார்க்கும் தள்ள.

பந்தல் முழுக்க எழுந்து நின்றது. "என்னாச்சு? கம்பெனி இடத்துக்குத்தான் போனானா?" என்றார் பஞ்சநதம்.

"பங்க்குக்குத்தான் போனான். அடுப்பு எரியுது, வண்டி எல்லையில நிக்குது, போயிப் பாருங்க." தனபாக்கியத்துக்கு மூச்சு வாங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பேச்சை விடுங்க. வேற ஒண்ணு சொல்லணும். எல்லாரும் கேட்டுக்குங்க. போன வருஷம் அந்தக் காப்பீட்டுத் தாளுல நானும் கையெழுத்துப் போட்டேன். இவன் மட்டும் இல்ல."

  பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் மெல்லச் சொன்னார், "எங்கிட்டயும் வாங்கிட்டுப் போனானுவ." இன்னொரு பெண் தலையைக் குனிந்துகொண்டு கையை மட்டும் தூக்கினாள். பஞ்சநதம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். அவர் கையெழுத்துப் போடவில்லை. அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. இருந்திருந்தால் தானும் போட்டிருப்போம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். இடுப்பிலிருந்து வரைபடத்தை எடுத்து, மடிப்பை நீவி, இரண்டு கையாலும் ஓலேயிடம் நீட்டினார்.

ஓலே வெள்ளை வண்டியைப் பந்தலுக்குக் கொண்டுவந்ததும் கிர்ஸ்டன் காபி போட்டார். ஆறு கோப்பைக் கெட்டில். பந்தலில் முப்பது பேர். ஐந்து தடவை போட வேண்டியிருந்தது. "இது என்ன, கஷாயமா?" என்று முகம் சுளித்துக்கொண்டே எல்லோரும் குடித்தார்கள். ஓலே உலகநாதனின் கையைப் பிடித்து, ரப்பர் வளையத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். அவன் தலையை ஆட்டினான். அவர் யோசித்துவிட்டு, காலிச் சீட்டு ஒன்றை எடுத்து 'இந்தியா' என்று தன் மொழியில் எழுதி, நான்காவது அடாப்டரில் கட்டினார். அதன் கீழே உன் பெயர் எழுத வேண்டும், சொல் என்றார். சொன்னான். நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளை வண்டி தரங்கம்பாடிப் பக்கம் திரும்பி மறைந்தது. உலகநாதன் தனபாக்கியத்திடம் ஏதாவது சொல்ல நினைத்தான். நன்றி என்றால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். பந்தலுக்குள் போய், அவன் முன்பு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தான். கிழவர் நகர்ந்து வந்து அவன் தோளை ஒட்டி உட்கார்ந்தார். அந்தப் பக்கம் பஞ்சநதம் உட்கார்ந்தார். சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நாளைக்குக் காலையில ஆக்கூருக்கு ஒரு ஜோலியா போகணும். ஆட்டோ வருமா?"

"வரும்ணே" என்றான் உலகநாதன்.  "பங்க் வரைக்கும் யாராவது தள்ளிவிட்டா வரும்."